புதுப்பிப்பு: புறாத்தீவுப் படகில் ஸ்பீக்கர் போன்

திருகோணமலை நிலாவெளிக்கு அருகே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகும் படகில் ஒருவர் வழி முழுக்க போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்ததையும், பிறகு பவளப்பாறை மேல் ஏறி நின்று வீடியோ கோல் எடுத்ததையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். படகோட்டியிடம் சொல்லிப் பாருங்கள் என்றீர்கள். இந்த முறை நிலாவெளியில் ஏறும்போதே சொன்னேன்.

"நான் சொல்லுறன் தங்கச்சி" என்ற படகோட்டி அண்ணை, எஞ்சினைக் கிளப்புமுன் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு ஐயாவுக்கு அழைப்பு வந்தது. காதோடு வைத்து மெதுவாகக் கதைத்து முடித்தார். நான் கேட்டதும் அவ்வளவுதான்.

2003இலேயே தேசியப் பூங்காவான இடம் புறாத்தீவு. பவளம் உயிருள்ளது, மிதித்து ஒடிந்தால் திரும்ப வளர வருடக்கணக்காகும். தண்ணீரில் ஒரு பொடியன் பாறையில் கால் ஊன்றப் போக, அவன் அம்மாவே "மணலில நில்லடா" என்று இழுத்துவிட்டார். எனக்குப் பெரிய சந்தோஷம். டிக்கெட் கொடுக்கும் இடத்திலும் இதைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.