மேலவீடு உறவுகள் 🌸 (அறுபதாம் கல்யாணம்)

கோமதி பெரியம்மா: முன் பாத்ரூம்ல தண்ணி போவ மாட்டேங்கு. ஊத்துனா மேல ஏறி வருது. ஞாயித்துக்கிழமை அம்பது பேரு வாராவ

செல்வி அத்தை: 🙏 இனிய காலை வணக்கம் 🙏 (திருச்செந்தூர் முருகன் படம்)

சங்கரன் சித்தப்பா: செப்டிக் டேங்க் நிறைஞ்சிருக்கும் மதினி. இசக்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை காலைல இறங்கி அள்ளிருவான். 1500 கேக்கான்

மணி அத்தான்: 👍

ராஜி மதினி: சேலை மஞ்சளா மாம்பழக் கலரா? தையக்காரி இன்னைக்கே பிளவுஸ் துணி கேக்கா

முத்து (ஓசூர்): சித்தப்பா, இறங்கின்னா? ஆளு உள்ள இறங்கவா?

சங்கரன் சித்தப்பா: பின்ன மேல நின்னு மந்திரம் போட்டா வெளிய வருமா

மணி அத்தான்: ஹெல்மெட் வந்துட்டான் டோய் 😂

முத்து (ஓசூர்): அத்தான் சிரிக்காதிய. நான் பிளாண்ட்ல தினமும் பாக்க வேலை இது. மூடுன தொட்டிக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடுன்னு ஒரு விஷவாயு நிக்கும். காத்தைவிடக் கனம், அடியிலயே தங்கும். முதல்ல அழுகின முட்டை வாடை வரும். கூடிப்போச்சுன்னா மூக்கு மரத்துரும், வாடையே தெரியாது. வாடை போயிருச்சு, நல்லதாப் போச்சுன்னு இறங்குவான். ரெண்டு மூச்சுல மயங்கிருவான். மேல நிக்கவன் ஐயோன்னு கை குடுக்கக் குதிப்பான், அவனும் அங்கேயே. 2019 மார்ச்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வீட்டு டேங்க்ல இப்படித்தான் ஆறு பேரு போனாவ. வீட்டுக்காரரு, அவரு மகன் ரெண்டு பேரும் அதுல. எங்க பிளாண்ட்ல மீட்டர் விட்டு ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ காட்டுனா ஒருத்தனையும் உள்ள விட மாட்டோம். அளந்து பாத்து இறங்குனாலும் பெல்ட், கயிறு, மேல ஒரு ஆளு. அந்த ஆளு எந்த நேரத்துலயும் உள்ள குதிக்கக் கூடாது, அதுதான் அவன் வேலையே

ராஜி மதினி: மஞ்சள்னு வச்சுக்கிடவா?

கோமதி பெரியம்மா: அம்மாடி. நேத்து ஒரு ஆசிட் பாட்டில் ஊத்துனேன் முத்து, அடைப்பு போவட்டும்னு

முத்து (ஓசூர்): இனி ஊத்தாதிய பெரியம்மா. ஆசிட் பட்டா அந்த வாயு இன்னும் கிளம்பும். ஜன்னலைத் திறந்து போடுங்க

சங்கரன் சித்தப்பா: இசக்கி சின்னப் பையன் இல்ல. சூடம் கொளுத்திப் போட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குவான். அவன் அப்பன் காலத்துல இருந்து நம்ம தெருவுக்கே அவங்கதான்

பிரியா: அப்பன் காலத்துல இருந்து செஞ்சா மூச்சு விடாம இருந்துக்கிடுவாவளா சித்தப்பா? அவங்கதான் செய்யணும்னு யாரு சொன்னா?

சங்கரன் சித்தப்பா: நான் தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா. நாலு காசு பாக்கட்டும்னுதான்

முத்து (ஓசூர்): சூடம் எரிஞ்சா காத்து இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். விஷவாயு இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. மீத்தேன் நின்னுதுன்னா வெடிச்சிரும்

சங்கரன் சித்தப்பா: சரி, ரெண்டு நாளைக்கு முன்ன மூடியத் திறந்து போட்டுருவோம். மாஸ்க்கும் குடுத்துருவோம். கொரோனா மாஸ்க் ஒரு பெட்டி கிடக்கு

முத்து (ஓசூர்): கசடுக்குள்ள வாயு மாட்டிக்கிட்டு நிக்கும் சித்தப்பா. காலை வச்சு, வாளியால கிண்டும்போதுதான் குபுகுபுன்னு வெளிய வரும். திறந்து போட்டா தீராது. துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது

மணி அத்தான்: அந்த டேங்க் கட்டும்போது எங்கப்பா குடுத்த 8000 இன்னும் கணக்குல வரல. சும்மா ஞாபகப்படுத்துனேன்

செல்வி அத்தை: மணி. இங்க வேண்டாம்

மணி அத்தான்: சும்மாதாம்மா

செல்வி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராஜி மதினி: அத்தை என்ன போட்டு அழிச்சிய? 👀

பிரியா: சட்டமும் விடாது சித்தப்பா. மனுசன் கையால மலம் அள்ளுததைத் தடுக்க 2013 சட்டப்படி பாதுகாப்புச் சாமான் இல்லாம ஆளை இறக்குனா, முதல் தடவையே ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். செத்துப்போனா குடும்பத்துக்கு 30 லட்சம்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு. முன்ன 10 லட்சமா இருந்துது

மணி அத்தான்: அறுபதாம் கல்யாணத்தை பாளையங்கோட்டை ஜெயில்ல வச்சுக்கிடலாம் 😂

செல்வி அத்தை: வாயக் கழுவு. நல்ல காரியம் நடக்கப் போவுது

கோமதி பெரியம்மா: அப்ப என்னதான் செய்ய? குடியிருக்கவ நான்தானே. நீங்க ஆளாளுக்கு ஊருல இருந்து பேசுதிய

முத்து (ஓசூர்): லாரி பெரியம்மா. ஓஸ் விட்டு உறிஞ்சிரும், ஆளு இறங்க வேண்டாம். 14420க்குப் போன் போட்டா சொல்லுவாவ. இல்லன்னா நகராட்சில கேட்டு லைசென்ஸ் உள்ள வண்டியா வரச் சொல்லலாம். எங்க கொண்டு ஊத்துதாங்கன்னும் கேட்டுக்கிடுங்க, கால்வாய்ல விட்டுறப் போறாங்க

சங்கரன் சித்தப்பா: லாரி முடுக்குக்குள்ள வராதுலே. டேங்க் புறவாசல்ல. இது தெரியாமலா நான் இசக்கியச் சொன்னேன்

பிரியா: பால் வண்டியே திரும்ப மாட்டேங்கு 😐

முத்து (ஓசூர்): வண்டி ரோட்டுல நிக்கட்டும். ஓஸை ஒண்ணோட ஒண்ணு சேத்துக்கிடலாம். எத்தன அடி வரும்?

மணி அத்தான்: நூறு

சங்கரன் சித்தப்பா: நூத்தம்பது இருக்கும்

செல்வி அத்தை: அப்பா இருந்தா காலடி வச்சே சொல்லிருப்பாவ

கோமதி பெரியம்மா: அடியில கெட்டியா இருக்கும் முத்து. அஞ்சாறு வருசமா எடுக்கல. லாரி உறிஞ்சுமா?

முத்து (ஓசூர்): தண்ணி அடிச்சு இளக்கி எடுப்பான். கொஞ்சம் கசடு கிடந்தா கிடக்கட்டும், கல்யாணத்துக்கு அது போதும். அதுக்காக ஆளு இறங்குதேன்னு லாரிக்காரன் சொன்னா ஒத்துக்கிடாதிய. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுத்திருந்தா இந்தப் பாடே இல்ல

மணி அத்தான்: யாரு எடுக்கணும்? வாடகை வாங்குதவியளா?

செல்வி அத்தை: மணி!!

பெரியப்பா: மாம்பழம்

ராஜி மதினி: அப்பாடா 😍 மாம்பழக் கலர் முடிவு

பிரியா: பெரியப்பா, லாரிக்கு என்ன சொல்லுதிய?

(பெரியப்பா 👍 போட்டிருக்கிறார், ராஜி மதினி மெசேஜுக்கு)

முத்து (ஓசூர்): லாரிக்காரன்ட்ட பேசிட்டேன். 2500. வெள்ளிக்கிழமை வண்டி இல்லையாம், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஓஸ் எத்தன அடின்னு இன்னைக்குள்ள சொல்லணும்

ராஜி மதினி: சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் சம்பந்தி வீட்டுல இருந்து வாராவ. அந்த நாத்தத்துலயா பலகாரம் வைக்க?

கோமதி பெரியம்மா: காலைல வரச் சொல்லு

முத்து (ஓசூர்): கேட்டுப் பாக்கேன். பணம் நான் போட்டு விடுதேன்

மணி அத்தான்: பாதி நான் தாரேன். எழுதி வச்சுக்கோ ஆமா

சங்கரன் சித்தப்பா: இசக்கிட்ட 500 அட்வான்ஸ் குடுத்தாச்சே. வெள்ளிக்கிழமை விடியுமுன்ன வந்து நிப்பான்

பிரியா: வரட்டும். பந்தல்ல வாழை கட்டுத வேலையக் குடுங்க. பேசுன 1500யும் முழுசாக் குடுத்துருங்க

சங்கரன் சித்தப்பா: பந்தலுக்கு ஆளு பேசியாச்சு

முத்து (ஓசூர்): சித்தப்பா, இசக்கிக்கு இன்னைக்கே போன் போட்டுருங்க. டேங்க் மூடியத் தொட வேண்டாம்னு சொல்லிருங்க

முத்து (ஓசூர்): சித்தப்பா?

மணி அத்தான்: ஆன்லைன்லதான் இருக்காரு

கோமதி பெரியம்மா: யாராவது வந்து அந்த ஓஸுக்கு அளந்து குடுங்கய்யா. எனக்கு முட்டு வலி

செல்வி அத்தை: உளுந்து வடைக்கு எத்தன கிலோ போட?