சிங்கமா, புலியா: ஒத்தைக்கு ஒத்தை மோதினால் எது தீர்மானிக்கும்?

செங்காந்தள்:

வணக்கம். "சிங்கம்தான் ராஜா", "புலிதான் எடை அதிகம்" என்று இந்தப் பேச்சு எப்போதும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் விவரமாகத் தெரிய வேண்டும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் சிங்கத்துக்கும் ஆண் வங்கப்புலிக்கும் உடல் அமைப்பில் என்ன வித்தியாசம்? பிடரி கழுத்தைக் காப்பாற்றும் என்கிறார்களே, ஆதாரம் உண்டா? கடி வலிமைக்கு இணையத்தில் ஆளுக்கொரு எண் போடுகிறார்கள், எதை நம்புவது? மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் குஜராத்தின் கிர் சிங்கத்தைக் கொண்டு போனால் புலியோடு மோதும் என்றார்களே, அது நியாயமான பயம்தானா?

மண்டையோடு:

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதி வாதம் தப்பான எடையை வைத்துத்தான் நடக்கிறது. நேபாளத்துச் சித்வன், கர்நாடகத்து நாகரஹொளே மாதிரி இரை நிறைந்த காடுகளில் ரேடியோ காலர் மாட்டும்போது எடை பார்த்த ஆண் புலிகள் பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல். ஒன்றிரண்டு 250-ஐயும் தாண்டியிருக்கின்றன. ஆப்பிரிக்க ஆண் சிங்கம் சராசரியாக 190 கிலோ பக்கம், கிர் காட்டு ஆண் 160 முதல் 190 வரை. ஆனால் சுமத்ரா ஆண் புலி 100 முதல் 140 கிலோதான். "புலி பெரியது" என்று மொத்தமாகச் சொன்னால் இங்கேயே உடைந்துவிடும். எந்தக் காட்டுப் புலி, எந்தக் காட்டுச் சிங்கம் என்று சொல்லாமல் ஒப்பிடவே கூடாது.

இன்னொன்று, வயிறு. நன்றாகத் தின்ற ஆண் ஒன்றின் வயிற்றில் 30 கிலோ இறைச்சி வரை கிடக்கும். அதைக் கழித்தார்களா என்று சொல்லாத எடைக்கு மதிப்புக் கிடையாது. வேட்டைக்காரர்கள் காலத்து 300 கிலோ புலிக் கணக்குகள் பலவற்றில் இந்தக் குழப்பம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்தால் சிங்கம் தோளில் உயரம், புலி நீளம். புலிக்குப் பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், பாய்வதற்கான அமைப்பு அது. அதனால்தான் புலி சண்டையில் சட்டென்று பின்னங்காலில் எழுந்து இரண்டு முன்னங்கால்களாலும் அறைகிறது. சிங்கமும் எழும், ஆனால் பெரும்பாலும் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரு காலால் அடித்தபடி தோளைக் கொடுத்துத் தள்ளும்.

மண்டையோட்டை மட்டும் கையில் கொடுத்தால் பழகாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கீழ்த்தாடையை மேசை மேல் வைத்துப் பாருங்கள். சிங்கத்தினுடையது அடிப்பக்கம் வளைந்து இருப்பதால் ஆடும், புலியினுடையது பொதுவாக ஆடாமல் உட்காரும். புலியின் மேல் கோரைப்பல் ஈறுக்கு வெளியே 6, 7 செ.மீ. இருக்கும். சிங்கத்தினுடையது ஏறக்குறைய அதே அளவு, சற்றுக் குறைவு.

கடி வலிமைக்கு வருகிறேன். இணையத்தில் சுற்றுகிற "1000 பிஎஸ்ஐ" வகை எண்கள் (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு) எதுவும் காட்டில் உயிருள்ள விலங்கைக் கடிக்க விட்டு அளந்தவை அல்ல. 2005-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உலர்ந்த மண்டையோடுகளின் அளவிலிருந்து தசைப் பரப்பைக் கணக்கிட்டு, உடல் எடைக்கு ஏற்பச் சரிசெய்து ஒரு குறியீடு வெளியிட்டார்கள். அதில் புலிக்கு 127, சிங்கத்துக்கு 112, ஜாகுவாருக்கு 137. எடையைக் கழித்துவிட்டுப் பார்க்கிற ஒப்பீடு இது, இத்தனை கிலோ அழுத்தம் என்பதல்ல. எது கடித்தாலும் கழுத்தெலும்பு நொறுங்கும். கடி எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம்.

புல்வெளி:

எடையை மண்டையோடு சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் இந்த விவாதத்தில் விடுபட்டுப்போவது ஒன்றுதான்: காயம்பட்டால் அடுத்த வாரம் யார் சோறு போடுவார்கள்?

புலி தனியாக வேட்டையாடுகிறது. முன்னங்கால் ஒன்று வீங்கிவிட்டால், கோரைப்பல் முறிந்துவிட்டால், மான் பிடிக்க முடியாது. பட்டினிதான், இல்லாவிட்டால் ஊர் மாடு. 1907-ல் சுடப்பட்ட சம்பாவத் பெண் புலி ஆட்கொல்லியானதற்குக் காரணமே பழைய துப்பாக்கிக் காயத்தில் வலப்பக்கக் கோரைப்பற்கள் போனதுதான் என்று அதைச் சுட்ட ஜிம் கார்பெட் பதிவு செய்திருக்கிறார். அதனால் புலி முடிந்தவரை சண்டையைத் தள்ளிப்போடுகிற விலங்கு. சாய்ந்த மரத்தின் அடிப்பக்கமாகப் பார்த்து மூத்திரம் பீய்ச்சும், பட்டையைக் கீறும், பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துவிட்டுப் போகும். வாசனை மங்க மங்க அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து புதுப்பிக்கும். நேருக்கு நேர் பார்த்துவிட்டாலும் காதைத் திருப்பிப் பின்பக்க வெள்ளைப் பொட்டைக் காட்டும், சீறும், இரண்டு அறை. தோற்பது மல்லாந்து படுத்துவிட்டால் பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

ஆண் சிங்கத்துக்கு நிலைமை வேறு. பெண்கள் அடித்துப் போட்டதில் தின்னலாம், கூட்டாளி அடித்ததில் தின்னலாம். காயம் ஆறும்வரை உயிரோடு இருக்க வழி உண்டு. அதோடு கூட்டத்தைப் பிடித்தால்தான் இனப்பெருக்கம். அது கையில் இருப்பதும் பொதுவாக இரண்டு, மூன்று வருஷம்தான். ஆகவே சிங்கம் சண்டைக்கு எளிதில் இறங்கும், ஆண்களோடு மோதிய அனுபவமும் அதிகம். "சிங்கம் புலியைவிடத் தைரியசாலி" என்பதற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

ஆனால் அந்த அனுபவம் கூட்டுச் சண்டையில் வந்தது. ஒன்று எதிரே நின்று முகத்தைக் காட்டும், மற்றவை பின்னால் போய்த் தொடையையும் முதுகெலும்பையும் கடிக்கும். மாட்டிக்கொண்ட சிங்கம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்: புதரில் முதுகைக் கொடுத்து, பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தி உட்கார்ந்துவிடும். எழுந்து ஓடினால் செத்தது. தென்னாப்பிரிக்காவின் சபி சாண்ட் காப்பகத்தில் ஆறு ஆண்கள் கொண்ட மபோகோ கூட்டணி வருஷக்கணக்கில் ஆண்டது. 2010-ல் கிங்கி டெயில் என்று பெயரிடப்பட்ட அதன் ஆண் மாஜிங்கிலானே என்ற இன்னொரு ஆண் கூட்டத்திடம் மாட்டியபோது, அவ்வளவு முரட்டு விலங்கும் எண்ணிக்கைக்கு முன் நிற்க முடியவில்லை.

பிடரிக்கு வருவோம். தான்சானியாவின் செரெங்கெட்டியில் வெஸ்ட், பேக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆள் உயரச் சிங்க பொம்மைகளுக்குக் குட்டை, நீளம், வெளிர், கறுப்பு என்று விதவிதமாகப் பிடரி மாட்டி வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான ஆய்வு. ஆண்கள் நீளமான, கறுத்த பிடரி வைத்த பொம்மையைத் தவிர்த்தன, பெண்கள் கறுப்பைத் தேடிப் போயின. கறுத்த பிடரி ஆண் ஹார்மோனோடும் நல்ல தீனியோடும் சேர்ந்து வருகிறது. கவசம் என்ற கருத்துக்கு அவர்களுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை, காயங்கள் பிடரிப் பகுதியில் குவிந்திருக்கவும் இல்லை. பின்பக்கம் கடிக்கிற சண்டையில் கழுத்தில் முடி இருந்து என்ன பயன்? கிர் சிங்கத்துக்குக் காது வெளியே தெரிகிற அளவுக்குத்தான் பிடரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:

மிக்க நன்றி, இருவருக்கும். அப்படியானால் துருக்கியின் அங்காரா மிருகக்காட்சிசாலையில் நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது? அதைத்தான் எல்லோரும் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

மண்டையோடு:

2011 மார்ச். வேலியில் இருந்த இடைவெளி வழியாக வங்கப்புலி பக்கத்துக் கூண்டுச் சிங்கத்திடம் போய், ஒரே அறையில் கழுத்து ரத்தக்குழாய் அறுந்து சிங்கம் செத்தது என்று செய்தி வந்தது. புலியின் முன்னங்காலால் அது முடியும் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அடிவாங்கிய சிங்கத்தின் வயசு, உடல்நிலை, கூண்டில் ஒதுங்க இடம் இருந்ததா, எதுவும் தெரியாமல் ஓர் இனத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. பிடரி இருந்தும் நகம் உள்ளே போனது என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்வேன்.

இரையைக் கொல்லும்போது இரண்டுமே தொண்டையைக் கவ்விச் சில நிமிஷம் பிடித்திருக்கும், மூச்சடைத்துச் சாகும். பெரும்பூனைச் சண்டையில் எதிராளி அவ்வளவு நேரம் அசையாமல் கொடுக்காது. அதனால்தான் பெரும்பாலான மோதல் அந்த இடத்தில் சாவில் முடிவதில்லை. பல் இறங்கிய ஆழத் துளை மேலே மூடி உள்ளே சீழ் கட்டும், அதுதான் பிற்பாடு கொல்கிறது.

நேரடியாகக் கேட்டால்: சம வயசு, சம எடை என்றால் என்னால் ஒரு பக்கம் சாய முடியாது. நல்ல காட்டு வங்கப்புலி, கிர் ஆண் சிங்கம், இரண்டும் தனியாக என்றால் 40, 50 கிலோ வித்தியாசம் புலியின் பக்கம் பேசும். அங்கே புலிதான் என்பேன்.

வறண்டகாடு:

குனோ பற்றி நான் சொல்கிறேன். சிங்கத்துக்காக அங்கே 24 கிராமங்களை இடம்பெயர்த்தார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கொண்டுபோகச் சொன்னது. நடக்கவில்லை, 2022-ல் சிவிங்கிப்புலி (சீட்டா) வந்தது. ராஜஸ்தானின் ரணதம்போர் காட்டிலிருந்து புலி அங்கே வருவது உண்மை. டி-38 என்ற ஆண் பல வருஷம் அங்கேயே இருந்தது. ஆனால் "மோதி அழிந்துவிடும்" என்பதை நான் ஏற்கவில்லை. பழைய காலத்தில் சிங்கம் கிழக்கே இன்றைய ஜார்க்கண்டின் பலாமூ வரை இருந்தது, புலியும் அந்தப் பரப்பில் இருந்தது. திறந்த புல்வெளியும் முட்புதரும் சிங்கத்துக்கு, அடர்ந்த ஓடைப்பள்ளங்கள் புலிக்கு என்று பெரும்பாலும் பிரிந்துகொண்டன.

பயப்பட வேண்டியது பெரிய ஆண்களின் மல்யுத்தத்துக்கு அல்ல, குட்டிகளுக்கு. முதலில் விடப்படும் சிறு கூட்டத்தில் பெண் சிங்கம் வேட்டைக்குப் போன நேரம் புலி வந்தால் குட்டி போய்விடும். இரண்டாவது, அடித்த இரையைப் பறிப்பது. ஒற்றைப் பெண் சிங்கம் 110, 120 கிலோதான், ஆண் புலி வந்தால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து நின்றால் புலிதான் ஒதுங்கும். எனவே ஒருவருக்கொருவர் பழகிய கூட்டமாகப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒற்றை ஒற்றையாக விட்டால் முதல் வருஷமே இழப்பு.

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதில் உள்ள ஆபத்து புலியைவிடப் பெரியது. 2018-ல் கிர் பகுதியில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்களைக் கொன்றது. 2025 கணக்கெடுப்பில் 891 இருக்கின்றன, எல்லாமே கிர் இருக்கிற சௌராஷ்டிரப் பகுதிக்குள். 2023-ல் ஓர் ஆண் தானாகவே நடந்துபோய்ச் சேர்ந்த பர்தா சரணாலயமும் அதே சௌராஷ்டிரம்தான்.