மாமியார் மருமகள் சண்டை, ஆலோசனைக்கு வந்தது மகன் மட்டும்

1990களில் குடும்ப ஆலோசகராக வேலையைத் தொடங்கினேன். அன்று முதல் எனக்கு அதிகம் கைகொடுத்தது அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் சொன்ன ஒரு விஷயம். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால், மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இதை அவர் முக்கோணம் என்றார். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்களுடைய பெற்றோரையும் வார்டிலேயே தங்கவைத்து, 1950களில் வருடக்கணக்காகக் கவனித்தவர் அவர்.

ஒரு குடும்பத்தைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அம்மா ஊரில், மகனும் மருமகளும் சென்னையில். அம்மா தினமும் போனில் மருமகளைப் பற்றிக் குறை சொல்வார். மகன் அதை மனைவியிடம் சொல்வார். அவள் பதிலை அம்மாவிடம் கொண்டுபோவார். பெண்கள் இருவரும் ஆலோசனைக்கு வர மறுத்துவிட்டார்கள். பரவாயில்லை, தயாராக இருக்கும் ஒருவர் போதும் என்பது போவன் வழி.

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போட்டோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சில்லை. தாத்தாவும் தன் தம்பியோடு பேசாமலேயே போய்ச் சேர்ந்தவர். “எங்க வீட்ல சண்டைன்னா பேச்சை நிறுத்திருவாங்க மேடம்,” என்றார் மகனே.

“தம்பி, சேதி கொண்டுபோறதை மட்டும் நிறுத்துங்க. அம்மாவோட பேசறதை நிறுத்தாதீங்க,” என்றேன். அடுத்த முறை அம்மா குறை சொன்னபோது அவர், “அதை அவகிட்டயே கேளுங்கம்மா. உங்க முட்டிவலி எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். “பொண்டாட்டி சொல்லிக் கொடுத்தாளா?” என்று அம்மா போனை வைத்துவிட்டார். ஒருவர் மாறினால் குடும்பம் பழையபடி இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் மகன் கலங்கவில்லை. அம்மா எடுக்காவிட்டாலும் தினமும் கூப்பிட்டார்.

தனிக்குடித்தனம் போனால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மாவின் ஒரு சொல்லுக்கு மூன்று நாள் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு எப்போது வருவது என்று அம்மா மருமகளையே கூப்பிட்டுக் கேட்டார். இருவரும் நேரடியாகவே சண்டை போட்டு, ஒரு தேதிக்கு வந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடி உதை நடக்கும் வீட்டில் மட்டும் இந்த வழியை எடுக்க மாட்டேன். அங்கே முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்புதான். பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்கச் சொல்வேன்.