உதவி: பைனாப்பிள் டாய்லி (அன்னாசி வடிவம் வரும் குரோஷா மேசை விரிப்பு) 12ஆவது சுற்றிலிருந்து கிண்ணம் மாதிரி குவிகிறது

கேள்வி:

20ஆம் எண் மெர்சரைஸ்டு (பளபளப்பேற்றிய) நூல், 1.25 மி.மீ. ஸ்டீல் குரோஷா ஊசி. டிசைன் நானே வரைந்தது. வட்டம் 8 பங்கு, பங்குக்கு ஒரு பைனாப்பிள், ஒரு ஷெல் (விசிறி மாதிரி விரியும் கண்ணிக் கூட்டம்). ஸ்டிச் பெயர்கள் அமெரிக்க முறைப்படி.

நடுப்பகுதி 10 சுற்று, டபுள் குரோஷேயும் (உயரமான கண்ணி) செயினும் (சங்கிலிக் கண்ணி) கலந்தது. சுற்றுக்கு 16 கண்ணி கூட்டியதில் 10ஆவது சுற்றில் 160 கண்ணி. அதுவரை மேசையில் தட்டையாகப் படிகிறது. 11ஆவது சுற்றில் பைனாப்பிளுக்கு 6 லூப் (செயின் வளைவு), லூப்புக்கு 3 செயின். அடுத்த சுற்றுகளில் லூப் 5, 4 என்று ஒவ்வொன்றாகக் குறையும். பைனாப்பிளின் இரு பக்கமும் 2 செயின், அதற்கப்புறம் ஷெல் (2 டபுள் குரோஷே, 2 செயின், 2 டபுள் குரோஷே). இந்தச் செயினும் ஷெல்லும் 13ஆவது சுற்று வரை அப்படியேதான். 12இல் ஓரம் லேசாகத் தூக்கியது. 13 முடிந்ததும் முழுக்கக் கிண்ணம்.

1.5 ஊசிக்கு மாறினால் சரியாகுமா? இல்லை, கஞ்சி போட்டுக் குண்டூசி குத்திக் காய வைத்தால் படிந்துவிடுமா?

பதில் 1:

ஊசியை மாற்றாதீர்கள். நடுவில் இருந்து ஊசி மாறினால் வெளிச் சுற்றுகள் தொளதொளவென்று தனியாகத் தெரியும். கண்ணி அகலமாகும்போது உயரமும் கூடிவிடும், அதனால் குவிவதும் போகாது.

நான்கு அளவு வேண்டும். 20 டபுள் குரோஷே வரிசையாக எத்தனை மி.மீ. அகலம்? 10 சுற்று எவ்வளவு உயரம்? பைனாப்பிளில் 6 லூப்பும் இழுக்காமல் படுத்திருக்கும்போது எவ்வளவு இடம் பிடிக்கின்றன? நடுப்புள்ளியிலிருந்து 11ஆவது சுற்றின் விளிம்பு எவ்வளவு தூரம்? கூடவே 20 செயின் போட்டு அதையும் அளந்து சொல்லுங்கள். மெல்லிய நூலில் பலருக்குச் செயின் மட்டும் இறுகிப்போகும். அப்படி இருந்தால் கணக்கே வேறு.

கேட்டவர்:

20 டபுள் குரோஷே 38 மி.மீ. 20 செயினும் அதே 38. 10 சுற்று 45 மி.மீ. 6 லூப் 24 மி.மீ. 11ஆவது சுற்று விளிம்பு 52 மி.மீ.

பதில் 1:

செயின் இறுகவில்லை, கை சீராக இருக்கிறது. கோளாறு டிசைனில்தான்.

உங்கள் கண்ணி ஒன்று 1.9 மி.மீ. அகலம், சுற்று ஒன்று 4.5 மி.மீ. உயரம். ஆரம் 4.5 கூடினால் சுற்றளவு 6.28 × 4.5, அதாவது சுமார் 28 மி.மீ. கூட வேண்டும். அதை 1.9ஆல் வகுத்தால் சுற்றுக்கு 15 கண்ணி வருகிறது. டபுள் குரோஷே என்றால் சுற்றுக்கு 12 கூட்டு என்று எங்கும் சொல்கிற விதி உல்லன் நூலுக்குச் சரி. மெல்லிய நூலில் கண்ணி ஒல்லியாக, உயரமாக விழுவதால் 12 போதாது. நீங்கள் 16 கூட்டியதால்தான் நடுப்பகுதி படிந்தது.

அந்த 28 மி.மீ.யை 8 பங்காக்கினால் பங்குக்கு 3.5. பைனாப்பிளில் சுற்றுக்கு ஒரு லூப் குறைகிறதே, அங்கே 4 மி.மீ. போகிறது. ஆக ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பங்கும் 7.5 மி.மீ.யை, அதாவது 4 கண்ணி அகலத்தை, பைனாப்பிளுக்கு வெளியே எங்காவது கூட்டியாக வேண்டும். உங்கள் டிசைனில் வெளியே ஒன்றுமே கூடவில்லை. பைனாப்பிள் கூம்பிக்கொண்டே போகும், வட்டம் விரிந்துகொண்டே போகும், அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதுதான் இந்த டிசைனில் முதலில் தீர்க்க வேண்டியது.

12ஆவது சுற்றில் பங்குக்கு 44 மி.மீ. தேவை, உங்களிடம் இருப்பது 39. 13இல் தேவை 48, இருப்பது 35. எட்டுப் பங்குக்கும் சேர்த்து 10 செ.மீ.க்கு மேல் பற்றாக்குறை. இதைக் கஞ்சியால் சரிசெய்ய முடியாது.

11ஆவது சுற்றில் 41 தேவை, 43 இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். 12, 13 இரண்டையும் பிரித்துவிட்டு இப்படிப் போடுங்கள்:

12: 5 லூப். இரு பக்கமும் 2க்குப் பதில் 3 செயின், ஷெல் பழையதே. 43 மி.மீ. வரும்.

13: 4 லூப், இரு பக்கமும் 3 செயின். ஷெல்லில் ஒரு ஜோடி கூட்டுங்கள்: 2 டபுள் குரோஷே, 2 செயின், 2 டபுள் குரோஷே, 2 செயின், 2 டபுள் குரோஷே. 46.5 வரும்.

14: 3 லூப், 3 செயின். போன சுற்று ஷெல்லின் இரண்டு செயின் இடைவெளியிலும் தனித்தனி முழு ஷெல், நடுவே 3 செயின். தேவை 51, வருவது 52.

15: 2 லூப். இரண்டு ஷெல்லுக்கும் நடுவே 7 செயின். தேவை 55, வருவது 55.5.

16: 1 லூப். நடுவே 5 செயின், கீழே உள்ள 7 செயினின் நான்காவதில் ஒரு டபுள் குரோஷே, மறுபடி 5 செயின். தேவை 58.5, வருவது 59.

14இலிருந்து ஷெல் இரண்டாகப் பிரிந்து பைனாப்பிளை அணைத்தபடி மேலே போகும். அழகும் அதில்தான் இருக்கிறது.

பதில் 2:

கணக்கு சரியா இருக்கு. ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கோங்க. டபுள் குரோஷே போடும்போது ஊசியைக் கண்ணிக்குள்ள விட்டு நூலை இழுக்கிறீங்களே, அந்த முதல் லூப்பை எவ்வளவு மேலே தூக்குறீங்களோ அதுதான் கண்ணி உயரம். கை களைச்சா அது தானா மாறும். 4.5 மி.மீ. 5 ஆச்சுன்னா சுற்றுக்கு 3 மி.மீ. கூடுதலா வேணும். நாலஞ்சு சுற்றுல அது கண்ணுக்குத் தெரியும். அதனால ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஆரத்தை அளந்துக்கோங்க.

பிரிக்கும்போதும் கவனம். பிரிச்ச நூல் நெளிநெளியா இருக்கும், அப்படியே போட்டா கண்ணி சீரா விழாது. ஒரு அட்டையில சுத்தி, ஈரத்துணியால ஒத்தி, நிழல்ல காயவிட்டு எடுங்க. ரெண்டு மூணு தடவை பிரிச்ச நூல்ல பிசிறு எழும்பி பளபளப்பு போயிரும். அந்தத் துண்டை வெட்டிட்டுப் புது நூல் சேர்க்கிறது நல்லது. முடிச்சுப் போடாதீங்க, மெர்சரைஸ்டு நூல் வழுக்கும், துவைச்சா அவிழும். ரெண்டு முனையிலயும் 10 செ.மீ. விட்டு, தையல் ஊசியால டபுள் குரோஷேக்குள்ள போகவும் வரவும் ஓட்டிருங்க. செயினுக்குள்ள ஓட்டினா வெளியே தெரியும்.

இன்னொரு கேள்வி:

இந்தக் கேள்வியின் கீழேயே கேட்கிறேன். எனக்குத் தலைகீழ் பிரச்சினை: ஓரத்து வலையில் அலை அலையாகச் சுருக்கம். ஆரம் 12 செ.மீ., 5 செயின் லூப் 120, லூப் ஒன்று படுத்தால் 7 மி.மீ.

பதில் 1:

சுற்றளவு 754 மி.மீ., உங்கள் வலை 840. லூப்பை 108 ஆக்கினால் 756. அடிச்சுற்றில் 10 லூப்புக்கு ஒன்று வீதம் தாண்டிப் போனால் 12 குறையும். தாண்டிய இடம் தெரியக் கூடாது என்றால் லூப் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒன்றுவிட்டு ஒரு லூப்பில் 5 செயினை 4 ஆக்கிப் பாருங்கள். குவிதல் கொஞ்சம் இருந்தால் நீட்டிக் காய வைத்துச் சமாளிக்கலாம். சுருக்கம் அப்படி மறையாது, மிச்ச நூல் எங்காவது புடைத்துக்கொண்டு நிற்கும்.

பதில் 3:

கஞ்சி பற்றி முதல் கேள்வியிலேயே கேட்டிருந்தார், அதற்கு நான் சொல்கிறேன். 100க்கு 3, 4 பங்கு பற்றாக்குறையைக் கஞ்சியும் குண்டூசியும் சமாளிக்கும். 13ஆவது சுற்றில் விட்ட ஒன்றரை மி.மீ. அந்த ரகம்.

துவைத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்த பிறகு போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கால் கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரைக் கப் நீரில் ஊற்றிக் கண்ணாடி போல் ஆகும் வரை கிளறி, ஆறியதும் டாய்லியை முக்கிப் பிழியுங்கள். சாதம் வடித்த கஞ்சியும் ஆகும், ஆனால் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் பருக்கைத் துணுக்கு லூப்பில் உட்கார்ந்து வெள்ளைப் புள்ளியாகக் காயும். சர்க்கரைப் பாகு வேண்டாம், எறும்பு வரும்.

தெர்மகோல் பலகையில் வெள்ளைத் தாள் ஒட்டி, பென்சிலால் 45 டிகிரிக்கு ஒன்றாக 8 கோடும், 52, 61, 74 மி.மீ. ஆரத்தில் மூன்று வட்டமும் வரையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி நூலில் ஏறும். பென்சில் கரியும் ஒட்டும் என்பதால் மேலே பிளாஸ்டிக் தாள் ஒன்று அவசியம். துருப்பிடிக்காத குண்டூசியால் நடுவளையத்தை முதலில் குத்துங்கள், அடுத்து எதிரெதிர்ப் பைனாப்பிள் நுனிகளை ஜோடி ஜோடியாக, கடைசியில்தான் ஓரம். ஒரு பக்கமாகவே குத்திக்கொண்டு போனால் நடு நகர்ந்துவிடும்.

பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதாக இருந்தால் கஞ்சி போடாமல் வையுங்கள். மாவுச்சத்தைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும், வந்தால் நூலையும் அரிக்கும்.

கேட்டவர்:

14 வரை போட்டு அளந்தேன், பங்குக்கு 51. தட்டையாகப் படிகிறது. 17இல் பைனாப்பிள் நுனியை எப்படி முடிப்பது? லூப் தீர்ந்துவிடுமே.

பதில் 1:

மிச்சமிருக்கும் அந்த ஒரு லூப்பிலேயே நுனியை மூடிவிடுங்கள். முதலில் வரும் ஷெல்லில் பாதி (2 டபுள் குரோஷே, 1 செயின்) போட்டு, லூப்பில் ஒரு சிங்கிள் குரோஷே (குட்டைக் கண்ணி), 1 செயின், எதிர்ப்பக்க ஷெல்லின் இடைவெளியில் மீதி 2 டபுள் குரோஷே. நுனி கூராக மூடும். அந்த இடத்தில் அகலம் நிறையக் குறையும். அதனால் 16இல் நடுவே நட்ட டபுள் குரோஷேயின் இரு பக்கமும் 5 செயினோடு நிறுத்தாமல் அங்கேயே ஒரு முழு ஷெல் தொடங்குங்கள். எத்தனை செயின் என்பதை 16 முடிந்ததும் ஆரத்தை அளந்து எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.