ஹைட்ரஜன் கிட் மாட்டின வண்டிகளில் நீங்க பார்த்தது என்ன?

அம்பத்தூர் ஷெட்
ஹெச்.ஹெச்.ஓ கிட்னா, வண்டி கரண்ட்டில் தண்ணியைப் பிளேட் வழியா ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாப் பிரிச்சு இன்ஜினுக்கு அனுப்புற செட். அது மாட்டின வண்டி வந்தா முதலில் பப்ளரைப் பாருங்க, அதாவது வாயு குமிழி விட்டுப் போற தண்ணி டப்பாவை. தண்ணி காபி நிறத்துக்குத் திரும்பியிருந்தா பிளேட் அரிக்குது. போர் தண்ணியில் உப்பைப் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. குளோரைடு 316எல் ஸ்டெயின்லெஸ்ஸையே ஓட்டை போட்டுடும், குளோரின் வாயுவும் கிளம்பும். பேட்டரி தண்ணியும் (டிஸ்டில்டு வாட்டர்) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் மட்டும்தான் போடணும். தண்ணியில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், காரத்து மேல தண்ணி ஊத்தினா தெறிக்கும். பப்ளர் சின்னதா இருந்தா காரத்துளி காத்தோட போய் இன்ஜினுக்குக் காத்து போற வழியில் இருக்கிற த்ராட்டில் பாடி அலுமினியத்தைத் தின்னும். அங்கே வெள்ளைப் பொடி படிஞ்சிருந்தா காரணம் இதுதான்.

கணக்கு வாத்தியார்
மைலேஜ் ஏறும்னு நம்புறவங்களுக்கு: கிட்டில் 6 செல் சீரீஸ், 20 ஆம்பியர்னு வைங்க. நிமிஷத்துக்குச் சுமார் ஒண்ணேகால் லிட்டர் வாயு வரும். அதில் இருக்கிற ஹைட்ரஜனின் எரிசக்தி 150 வாட். ஆல்டர்னேட்டர் கொடுக்கிறது 13.8 வோல்ட்டில் 276 வாட். ஆல்டர்னேட்டர் நஷ்டம், இன்ஜின் நஷ்டம் ரெண்டையும் சேர்த்தா அதுக்கு எரியுற பெட்ரோல் 1,900 வாட் பக்கம். மவுண்ட் ரோடு சிக்னலில் ஏசியோட ஐடில்ல நின்னா, பேட்டரியும் சேர்ந்து இறங்கும்.

பல்லாவரம் கால் டாக்ஸி
ஆனா புகை டெஸ்ட்ல சூப்பரா வருதேண்ணே?

அம்பத்தூர் ஷெட்
கிட்டோட ஒரு குட்டி சர்க்யூட் தருவாங்க தம்பி, ஆக்சிஜன் சென்சாரை ஏமாத்த. அதை நம்பி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைக்கும், கார்பன் மோனாக்சைடு இறங்கும். கலவை லேசா லீன் ஆகுற (பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடுற) இடத்தில்தான் நைட்ரஜன் ஆக்சைடு உச்சத்துக்குப் போகும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராலும் அதைக் குறைக்க முடியாது. பெட்ரோல் வண்டிப் புகை டெஸ்ட்டில் அதை அளக்கிறதே இல்லை. சீட்டு சுத்தம், அவ்வளவுதான்.

சிஎன்ஜி ட்யூனர்
உருப்படியான வழி ஹெச்-சிஎன்ஜி. 18% ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜியை வண்டி எரிபொருளா 2020இல் மத்திய அரசு அறிவிச்சது. டெல்லி பஸ்களில் ஓட்டியும் பார்த்தாங்க. கொள்ளளவில் 18% என்றாலும் சக்தியில் 6%தான். ஆனா ஹைட்ரஜன் சுடர் மீத்தேனைவிடப் பல மடங்கு வேகம். லீன் கலவையும் மிஸ் ஆகாம எரியும். அதனால இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியே ஆகணும். பழைய டைமிங்கிலேயே விட்டா பிஸ்டன் மேலே ஏறும்போதே அழுத்தம் வந்து இடிக்கும்.

முழு ஹைட்ரஜன் வேற விஷயம். நம்ம ஊர் அசோக் லேலண்ட் ரிலையன்ஸோட சேர்ந்து 2023இல் அப்படி ஒரு லாரியைக் காட்டினாங்க. பத்த வைக்க 0.02 மில்லிஜூல் போதும், சூடான பிளக் முனையே பேக்ஃபயர் கொடுக்கும். சூட்டைச் சீக்கிரம் கடத்தி விடுற கோல்டு (cold) பிளக் போடணும். ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை பொறி விடுற வேஸ்ட் ஸ்பார்க் காயில் கூடவே கூடாது. ரெண்டாவது பொறி இன்டேக் வால்வு திறக்கிற நேரத்தில் விழும்.