புதுப்பிப்பு: போசுவே ஆயரின் செதுக்குப் படம் அசல் அச்சுதான்

பழைய பிரெஞ்சுப் படம் ஒன்றை இங்கே போட்டு, அது செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டதா, பின்னாளைய புகைப்பட நகலா என்று கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். தகட்டு அச்சுதான்! தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. கோடுகளில் மை லேசாக மேடிட்டு நிற்கிறது. நகலில் வரும் புள்ளி வலை எங்குமே இல்லை.

படத்தில் இருப்பவர் பிரான்சின் மோ நகர ஆயர் போசுவே. ஓவியர் ரிகோ 1702-இல் அவரை வரைந்த ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து 1723-இல் செதுக்கியவர் பியேர்-அம்பேர் ட்ரெவே. 1697-இல் பிறந்தவர். அந்த வயதில் இப்படி ஒரு கையா என்று பிரமிப்பாக இருக்கிறது.

இருப்பது கறுப்பு மை மட்டும். ஆனால் ஆயர் உடையின் பட்டுக்கு நீண்டு வளைந்து, நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் கோடுகள். மென்மயிர்த் தோலுக்குக் குட்டையான கீறல்கள். முகத்துக்குச் சிறு புள்ளிகள். உளியின் அழுத்தத்தை மாற்றியே எல்லாம் வந்திருக்கிறது. காலடியில் குவிந்த புத்தகங்களின் தோல் அட்டைகூடத் தனியாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், உடையின் லேஸ் பகுதி என் பிரதியில் மங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அச்சிட அச்சிடச் செம்பு தேயும், மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். என் பிரதி பிந்தி எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். பரவாயில்லை, அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டமிடப் போகிறேன்.