அம்மா சமைக்க முடியாத முதல் கிறிஸ்துமஸ்: 13 பேருக்கு இரவுச் சாப்பாடு, யோசனை வேண்டும்

பாளை மகள் (டிசம்பர் 8)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சமையல் என்றால் அது அம்மாதான். நாற்பது வருடமாக அளவு பார்க்காமல், கைப்பிடியிலேயே எல்லாம் போட்டுச் சமைத்தவர்கள். ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையில் பிடிமானம் இல்லை. பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது, மெதுவாக நடக்கவும் செய்கிறார்கள். கரண்டி மட்டும் பிடிக்க முடியவில்லை. இந்த வருடம் சமையல் என் பொறுப்பு.

வழக்கமாக மதியம்தான் பெரிய சாப்பாடு. ஆனால் தம்பிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் 25ஆம் தேதி பகல் ஷிப்ட் விழுந்திருக்கிறது. வீடு வந்து சேர ஆறரை மணி ஆகும். அவன் இல்லாமல் அம்மா சாப்பிட மாட்டார்கள். அதனால் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருவது என்று முடிவு செய்துவிட்டோம். பெரியவர்கள் 9 பேர், பிள்ளைகள் 4 பேர். அந்த ஒன்பதில் இரண்டு பேர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் பெரியப்பாவும். மார்கழியில் அவர்கள் கவிச்சி தொடுவதில்லை. ஆனாலும் ஒரு வருடம்கூட எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை.

அம்மா வழக்கமாகச் செய்வது: மட்டன் பிரியாணி, ஆப்பம், ஆட்டுக்கறி ஸ்டூ, கோழி வறுவல், மீன் கட்லெட், தயிர் வெங்காயம், கேக். இது போக முன்கூட்டியே முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். என்னிடம் இருப்பது மூன்று அடுப்பு கேஸ், ஐந்து லிட்டர் குக்கர், சின்ன ஃபிரிட்ஜ். காலை நாலரை ஆராதனைக்குப் போக மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன். எதை விடலாம், எதை முன்னாடியே செய்து வைக்கலாம்? பிரியாணிக்கு அரிசி எவ்வளவு? நான் இதுவரை ஒரு கிலோ அரிசிக்கு மேல் வடித்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அசனத்து அடுப்பு (டிசம்பர் 8)

சகோதரி, நான் எங்கள் சபை அசன விருந்தில் பதினைந்து வருடமாகக் கறிச் செம்பு பக்கம் நிற்கிறவன். பதின்மூன்று பேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கூடவே வேறு பதார்த்தமும் இருப்பதால் பெரியவருக்கு 125 கிராம், பிள்ளைக்கு 75 கிராம் என்று கணக்கு வையுங்கள். மார்கழிக்காரர் இருவரைக் கழித்தால் ஒன்றேகால் கிலோ தாராளம். தம்பி மறுநாள் காலைக்கும் கேட்பான் என்றால் ஒன்றரை போடுங்கள். சீரகச் சம்பாதான் நம்ம பக்கம் வழக்கம். ஒன்றரைக் கிலோ அரிசிக்கு:

ஆட்டுக்கறி 2 கிலோ, எலும்போடு. தொடைக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள்.
வெங்காயம் முக்கால் கிலோ, தக்காளி அரைக் கிலோ.
இஞ்சி 100 கிராம், பூண்டு 100 கிராம், அப்பப்போ அரைத்தது.
தயிர் கால் லிட்டர், எண்ணெய் 200 மில்லி, நெய் 50.
பச்சை மிளகாய் 10, புதினா மல்லி இரண்டு பெரிய கட்டு.

பாத்திரம் பத்து லிட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் குக்கரில் இதை இறக்க முயற்சி செய்ய வேண்டாம், அடியில் குழைந்து மேலே வேகாமல் நிற்கும். அடி கனமான சருவச்சட்டி பக்கத்தில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கறியை 24ஆம் தேதி சாயங்காலமே வேகவைத்துவிடலாம். மஞ்சள், உப்பு, பாதி இஞ்சி பூண்டு போட்டு நாலு விசில், குக்கரில் இரண்டு தடவையாக. இளங்கறி என்றால் மூன்று போதும். முக்கால் பதம்தான் வேண்டும், மீதி சட்டியில் வெந்துகொள்ளும். வெந்ததும் ஆழமான பாத்திரத்தில் சூடாக மூடி வைக்காதீர்கள், கெட்டுப்போவது அங்கேதான். அகலத் தட்டங்களில் பரப்பி, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். வேகவைத்த தண்ணீரையும் தனியாக எடுத்து வையுங்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அரிசியை ஊறப் போடுங்கள், அரை மணி நேரம். ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர். அந்த ஒன்றரைக்குள்ளேயே கறித் தண்ணீரையும் அளந்துகொள்ளுங்கள். தக்காளி, தயிர் ஈரம் தனி. தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் இரும்புத் தோசைக்கல்லைச் சட்டிக்கு அடியில் வைத்து, மூடிமேல் பாரம் ஏற்றி, சிறு தீயில் 20 நிமிடம். அடுப்பை அணைத்து இன்னும் 15 நிமிடம் திறக்காமல் விடுங்கள். சீரகச் சம்பா குட்டை அரிசி, சூட்டோடு கிளறினால் உடைந்து கூழாகிவிடும்.

கறிக்கடையில் 22ஆம் தேதியே சொல்லி வையுங்கள். 24 காலையில் வரிசையில் நின்று வாங்கப் போனால் அரை நாள் போய்விடும்.

குமரி அடுப்படி (டிசம்பர் 9)

தங்கச்சி, நான் நாகர்கோவில். ஆப்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று என்றாலே முப்பத்தொன்பது ஆப்பம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். இரண்டு ஆப்பச்சட்டி ஏற்றினாலும் ஐம்பது நிமிடம் அடுப்பை விட்டு நகர முடியாது. ஆறியபின் ஆப்பத்துக்கு உயிர் கிடையாது. உங்கள் மூன்று அடுப்பில் இரண்டை அது பிடித்துக்கொண்டால் பிரியாணிக்கும் கட்லெட்டுக்கும் எங்கே போவீர்கள்? இந்த வருடம் ஆப்பத்தை விடுங்கள். அதை 26ஆம் தேதி காலைக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது நின்று நிதானமாக ஊற்றலாம்.

இரவுக்கு இடியாப்பம் செய்யுங்கள். ஆறு மணிக்கு அவித்து, ஈரத்துணி போட்டு ஹாட்பேக்கில் வைத்தால் எட்டு மணிக்கும் பூவாக இருக்கும்.

ஆனால் ஸ்டூவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டூ இல்லாமல் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸே கிடையாது. கறியும் உருளைக்கிழங்கும் மூன்றாம் பாலில் வெந்து, இரண்டாம் பாலில் கொதித்து, தலைப்பால் ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கணும். நுரை கட்டி வரும்போதே அடுப்பை அணையுங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

முந்திரிக்கொத்தை இந்த வாரக் கடைசியிலேயே முடித்துவிடுங்கள். தேங்காய்த்துருவலை ஈரமே இல்லாமல் சிவக்க வறுத்தால் கிறிஸ்துமஸ் வரை தாங்கும்.

நெல்லைச் சொதி (டிசம்பர் 9)

பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன வைப்பது என்று யாருமே சொல்லவில்லையே! நான் அந்தப் பெரியம்மா மாதிரி ஒருத்திதான். மார்கழியில் கவிச்சி இல்லாமல் இருந்துகொண்டு, ஒவ்வொரு வருடமும் எதிர்வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகிறவள். எனக்கென்று தனியாகத் தயிர்சாதம் வைத்தபோது சாப்பிட்டேன், அன்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம் அந்த வீட்டம்மா சொதி வைத்து, மேசையில் எல்லோருக்கும் அதையே பரிமாறினார்கள். அன்றைக்குத்தான் விருந்தாளி என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிட்டேன்.

ஸ்டூவுக்குப் பதில் சொதி வையுங்கள். இடியாப்பத்துக்கு இரண்டுமே ஒன்றுதான். பாசிப்பருப்பு ஒரு டம்ளர், மூன்று தேங்காய், முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய். இஞ்சியைச் சாறாக எடுத்துச் சேர்க்கணும். தலைப்பால் ஊற்றி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபிறகுதான் எலுமிச்சை பிழியணும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பாலின் மந்தத்தை அதுதான் தீர்க்கும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள். பச்சடியை இரண்டு நாள் முன்பே செய்து பாட்டிலில் வைக்கலாம். சொதிக்குப் புதுப் பாத்திரம், தனிக் கரண்டி.

அம்மாவுக்கும் இந்த உடம்புக்குக் கறியைவிட சொதி இதமாக இருக்கும். உப்பு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

பாளை மகள் (டிசம்பர் 9)

அண்ணாச்சி, அக்கா, எல்லோருக்கும் நன்றி. சொதி என்று படித்ததும் எனக்குச் சட்டென்று மனசு இறங்கிவிட்டது. அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. இத்தனை நாள் அவர்களுக்குப் பிடித்ததை யாரும் கிறிஸ்துமஸுக்குச் சமைத்ததில்லை, எங்களுக்குப் பிடித்ததை அவர்கள்தான் சமைத்தார்கள். ஸ்டூவை ஆப்பத்தோடு சேர்த்து 26 காலைக்குத் தள்ளிவிடுகிறேன், குமரி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோழி வறுவலா கட்லெட்டா என்று ஒன்றைத்தான் வைக்க முடியும் போல. அப்புறம் கேக். அம்மா அக்டோபரிலேயே பழம் ஊறப் போடுவார்கள். இந்த வருடம் ஆஸ்பத்திரி அலைச்சலில் அது நடக்கவில்லை. இப்போது போட்டால் தேறுமா?

குமரி அடுப்படி (டிசம்பர் 10)

கோபமெல்லாம் இல்லை, 26ஆம் தேதி ஸ்டூ வைத்தால் சரி.

கட்லெட்டை வையுங்கள். 24 இரவே உருட்டித் தட்டி, முட்டையில் முக்கி, ரஸ்க்தூள் பிரட்டி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடலாம். சாப்பிடும் நேரத்துக்கு இருபது நிமிடம் பொரித்தால் முடிந்தது.

கேக்குக்கு இரண்டு வாரம் இருக்கிறதே, நன்றாகவே தேறும். உலர் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ, ஆரஞ்சுச் சாறில் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கேக்கின் கறுப்பு நிறம் சர்க்கரையைக் கருக்குவதில்தான் இருக்கிறது. நல்ல காப்பி நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளி நின்று ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தெறித்துக் கையைச் சுட்டுவிடும். 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள். 20ஆம் தேதி சுட்டு மூடி வைத்தால் 25க்குள் ருசி இறங்கிவிடும்.

அசனத்து அடுப்பு (டிசம்பர் 10)

ஒன்று சொல்ல மறந்தேன். கேஸ் சிலிண்டர் எப்போது மாட்டியது என்று பாருங்கள். தம் போடும்போது தீர்ந்துபோனால் என்ன செய்ய முடியும்? மாற்று சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். மதியம் இரண்டு மணி நேரம் கண்டிப்பாகத் தூங்குங்கள். மூன்று மணிக்கு எழுந்தவர் அடுப்புக்கு முன்னால் இரவு எட்டு வரை நிற்கக் கூடாது.

பாளை மகள் (டிசம்பர் 27)

எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்திரிக்கொத்தை 13ஆம் தேதி செய்தோம். அரைக் கிலோ பாசிப்பயறு வறுத்து ரவை பதத்தில் திரித்தேன், உடன்குடிக் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம். நான் மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்கள். இடது கையால் உருட்ட ஆரம்பித்தார்கள். முதல் பத்து உருண்டை உதிர்ந்தது. பாகு ஆறுகிறது, நான் உருட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, கை நனைத்து, மறுபடி உருட்டினார்கள். அறுபத்திரண்டு உருண்டை. மூன்று மூன்றாக ஒட்டி மாவில் முக்கிப் பொரித்தது மட்டும்தான் நான்.

அச்சு முறுக்கு எனக்கு வரவில்லை. அச்சு புதிது, மாவு இரும்பை விட்டுக் கழலவே இல்லை. அன்று இரவு கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, முக்கால் அச்சு மட்டும் மாவில் முக்கியபோது கழன்று விழுந்தது. அதற்குள் பாதி மாவு வீணாகியிருந்தது. கேக் நன்றாக வந்தது.

25ஆம் தேதி ஆராதனை முடிந்து வந்து அம்மாவோடு நானும் மதியம் தூங்கினேன். அண்ணாச்சி சொன்ன கணக்கில் பிரியாணி சரியாக நின்றது. கறி நாலு விசிலில் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது, அடுத்த முறை மூன்றுதான். ஏழரைக்கு மூடியைத் திறக்கப் போனேன், அம்மா உள்ளேயிருந்து, "இன்னும் பொறு, வாசம் வரலை" என்றார்கள். பத்து நிமிடம் பொறுத்தேன். அவர்கள் சொன்னது சரி.

தம்பி எட்டரைக்குத்தான் வந்தான், வழியில் நெரிசலாம். எல்லோரும் காத்திருந்தோம். சொதியைத்தான் முதலில் பரிமாறினேன், எல்லோருக்கும். பெரியப்பா இரண்டு தடவை இஞ்சிப் பச்சடி கேட்டு வாங்கினார். அம்மா இடது கையில் ஸ்பூன் பிடித்து, இடியாப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, யார் உதவியும் இல்லாமல் சாப்பிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பெரியம்மாவிடம், "எலுமிச்சை ஒரு மூடி கூடிப்போச்சு, அடுத்த வருசம் நான் பக்கத்துல இருந்து சொல்றேன்" என்றார்கள்.

26 காலை ஆப்பமும் ஸ்டூவும் செய்தேன், குமரி அக்கா. தலைப்பால் திரியவில்லை.